தாய்மாமன் பிரிக்க வேண்டிய குடிசை

மாதவிடாய்த் துணியை எங்கே காயப்போடுவது என்ற கேள்வியை எங்கள் முகாமில் எந்த ஆணும் எந்த அலுவலரிடமும் எழுப்பியதில்லை. அதை எழுப்பியவள் நான். அதனால் வெட்கங்கெட்டவள் என்ற பெயரும் எனக்குக் கிடைத்தது. அப்பெயரைத் துடைத்துக்கொள்வதற்காக இதை எழுத முற்படவில்லை. அப்பெயர் எனக்கு இருந்துவிட்டுப் போகட்டும். நடந்தது இன்னதென்று மட்டும் பதிவாக வேண்டும்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் மன்னார்க் கரையிலிருந்து படகேறி வந்தவர்கள் நாங்கள். மண்டபம் என்ற கரையோர ஊரின் முகாமில் சில காலம் வைத்திருந்துவிட்டுப் பின்னர் லாரிகளில் ஏற்றிக் கோயம்புத்தூர் மாவட்டத்துக்கு அனுப்பினார்கள். பொள்ளாச்சியிலிருந்து ஆனைமலைக்குப் போகும் வழியில், மூடப்பட்ட ஒரு கடலை மில்லின் குடோனில் எங்களை இறக்கினார்கள். தகரக் கூரையின் கீழே கயிறுகளைக் கட்டி, அவற்றில் சேலைகளைத் தொங்கவிட்டு, குடும்பத்துக்கு ஓர் அறை என்று பிரித்துக்கொண்டோம். சேலைச் சுவருக்கு அந்தப் பக்கம் ஒருவர் இருமினால் இந்தப் பக்கம் படுத்திருப்பவரின் உறக்கம் கலையும்.

கொடுத்தவற்றை நான் குறைகூற மாட்டேன். அரிசி வந்தது, மண்ணெண்ணெய் வந்தது, பாயும் பாத்திரமும் வந்தன. அவற்றைக் குடும்பத் தலைவர் என்று கூப்பிட்டு ஆண்களின் கையிலே கொடுத்தார்கள். வேறென்ன வேண்டும் என்று கேட்டபோது, எங்கள் ஆண்கள் தலையைச் சொறிந்துகொண்டு, ஒன்றும் வேண்டாம் என்றார்கள். அவர்களுக்கு வேண்டியிருக்கவில்லை என்பது உண்மைதான்.

முகாமின் முன்புறம் ஓர் அடிபம்பு இருந்தது. குடிக்கவும் குளிக்கவும் துவைக்கவும் அது ஒன்றுதான். அங்கே ஊற்றிய நீர் வாசல் வழியாகச் சாலையை நோக்கி ஓடும். சாலையின் மறுபுறம் ஒரு தேநீர்க் கடை. ஓடி வரும் நீர் சற்றுச் சிவந்திருந்தால், அது யாருடையதாக இருக்கும் என்று ஊகித்துச் சிரிப்பதற்கு அங்கே எப்பொழுதும் நாலு பேர் இருந்தார்கள். ஆகவே பெண்கள் எல்லோரும் விடியுமுன் எழுந்து, வெளிச்சம் வருமுன் கழுவி முடித்துக்கொள்ளப் பழகினோம். கழுவிய துணியைப் பாய்க்கு அடியிலும் தகரப் பெட்டிக்குப் பின்னாலும் காயவைத்தோம். காயவைத்தோம் என்று எழுதுவது பொய்யாகும். அது அங்கே புழுங்கிற்று. அடுத்த முறை எடுக்கும்போது பூஞ்சை வாடை அடிக்கும். அதையே மறுபடியும் கட்டிக்கொள்வோம்.

எங்கள் ஊரில் இதைத் துடக்கு என்போம். இங்கே வீட்டுக்குத் தூரம் என்றார்கள். மாதவிடாய் என்ற சொல்லை, ஐந்தாம் வகுப்போடு நின்ற நான், மளிகைப் பொட்டலம் கட்டி வந்த செய்தித்தாளில்தான் கண்டு தெரிந்துகொண்டேன். எந்தப் பெயரால் அழைத்தாலும் தள்ளி இருக்க வேண்டும் என்பதே எல்லோருடைய கட்டளையும். தள்ளி இருப்பதற்கு ஓர் இடம் வேண்டுமே என்பதை எவரும் யோசித்ததாகத் தெரியவில்லை.

என் மகளுக்கு அப்பொழுது பதினான்கு வயது. மண்டபத்தில், சாப்பாட்டுக்கு வரிசையில் நிற்கும்போது அவள் பெரியபிள்ளையானாள். தண்ணீர் வார்க்கவோ சடங்கு செய்யவோ அங்கே வழியில்லை. என் பழைய சேலையொன்றைக் கிழித்துக் கொடுத்து, கட்டும் முறையைக் காதோடு சொல்லி, மறுபடியும் வரிசையில் நிறுத்தினேன். இங்கே வந்தபின் பக்கத்து ஊர் அரசுப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தோம். படிப்பில் சூட்டிகையானவள். ஆனால் மாதந்தோறும் சில நாட்கள் போகாமல் சுருண்டு படுத்துக்கொள்வாள். பிறகு அந்த நாட்கள் கூடின. தொடையிடுக்கில் புண் வந்திருந்ததை என்னிடமும் மறைத்திருக்கிறாள். காலை அகட்டி நடப்பதைக் கண்டு கேட்டபோதுதான் சொன்னாள்.

"இனி நான் பள்ளிக்கூடம் போகேல்லை அம்மா. நடக்க ஏலாது. எனக்குப் பின்னால நடந்து காட்டிச் சிரிக்கினம்."

காய்ச்சலும் வந்தது. பொள்ளாச்சி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். புண்ணைப் பார்த்த நர்ஸ் நல்ல மனமுள்ளவர்.

"துணிய வெயில்ல காயப்போடறீங்களா?" என்று கேட்டார்.

"இல்லை."

"ஏனுங்க, ஊரே வெயில்ல வெந்துட்டுக் கெடக்குது. உங்களுக்கு மட்டும் கெடைக்கலீங்களாக்கும்?"

"வெயில் இருக்குது. அதில போட எங்களுக்கு இடந்தான் இல்லை."

அவர் மருந்தைப் பொட்டலம் கட்டினார். "களிம்பு குடுத்திருக்கறனுங்க. ஆனா மறுக்காவும் ஈரத்துணிய வெச்சா மறுக்காவும் வரும். சொல்லிப்போட்டேன்."

பேருந்தில் திரும்பி வரும்போது நான் ஒரு முடிவுக்கு வந்தேன். எனக்கு வேண்டியது ஆள் கண்ணில் படாததும் வெயில் விழுவதுமான ஒரு துண்டு நிலம். அது கிடைத்தால் என் பிள்ளை படிப்பாள். கிடைக்காவிட்டால் அந்தக் குடோனில் சேலைச் சுவருக்குப் பின்னால் மூலையில் கிடப்பாள். இதற்கு நடுவில் வேறு வழி எனக்குத் தென்படவில்லை.

இடம் இருக்கவே செய்தது. குடோனுக்குப் பின்னால், மில் ஓடிய காலத்தில் கடலை காயப்போட்ட சிமெண்டுக் களம் ஒன்று கிடந்தது. காலையிலிருந்து மாலைவரை அதன்மேல் வெயில் விழும். மூன்று பக்கமும் திறந்து கிடந்ததால் ஒற்றையடிப் பாதையில் போகிறவர்கள் எல்லோரும் பார்ப்பார்கள் என்பதே அதன் குறை. களத்தை ஒட்டி ஒரு தென்னந்தோப்பு. அங்கே கீற்று முடைகிற ஒரு பெண் நாள் முழுவதும் ஓலைகளைத் தண்ணீரில் ஊறவைத்து முடைந்துகொண்டிருப்பார். என்னைவிடச் சற்று மூத்தவர். உரத்துச் சிரிப்பவர். சிலோன்காரர்களோடு பேசக்கூடாது என்று தோப்புக்காரர் சொல்லியிருந்ததால், எங்களைப் பார்க்காமல் ஓலையைப் பார்த்தபடியே எங்களோடு பேசுவார். அவர் தந்த பழைய கீற்றுகளை நாலு மூங்கில்களில் கட்டி, களத்தின் ஒரு மூலையில் மறைப்பு எழுப்பினோம். உள்ளே கயிறு கட்டித் துணிகளைப் போட்டோம். பெண்கள் எல்லோருக்கும் அன்று திருவிழாப் போல இருந்தது.

முகாமுக்குப் பொறுப்பாக இருந்த அலுவலர் அந்த வாரமே வந்தார். பக்கத்து ஊரில் நிலபுலம் உள்ள குடும்பத்தவர். வெள்ளை வேட்டி, சட்டைப் பையில் பேனா. இந்நாட்டாரின் மரியாதையை நான் மிகவும் மதிக்கிறேன். எனினும் மறுப்பதையும் அதே மரியாதையோடு செய்வார்கள் என்பதை அவரிடமே கற்றேன்.

"ஏனுங்க அம்மணி, நல்லா இருக்கறீங்களா? சாப்புட்டாச்சுங்களா? இத ஆருங்க கட்டுனது?"

"நாங்கதான்."

"கட்டக்கூடாதுங்களே. எடம் மில்லுக்காரருதுங்க. ஒரு குச்சி ஊனப்படாதுன்னுதான் குடோனையே குடுத்திருக்கறாரு. நாளைக்கு வந்து கேட்டா நான் என்னங்க சொல்றது?"

"பொம்பிளையள் துணி காயப்போடுகினம் எண்டு சொல்லுங்கோ. உங்கட வீட்டுப் பொம்பிளையள் எங்க காயப்போடுகினம்?"

அவர் முகம் சிவந்தது. "அதெல்லாம் பேசக்கூடாதுங்க" என்று சொல்லிவிட்டு, வணக்கமும் வைத்துவிட்டுப் போனார்.

மறுநாள் அரிவாளோடு இரண்டு கூலியாட்களை அனுப்பினார். கட்டுகளை அறுத்துக் கீற்றைச் சாய்த்தார்கள். கயிற்றில் கிடந்த துணிகள் மண்ணில் விழுந்தன. அவர்களுள் ஒருவன் ஒரு துணியைக் குச்சியால் தூக்கி மற்றவனுக்குக் காட்டிவிட்டு அப்பால் எறிந்தான். அது என் மகளுடையது. அவள் குடோனின் பின்வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

என் கணவர் கோயம்புத்தூரில் கட்டடங்களுக்கு வண்ணம் பூசும் வேலைக்குப் போய் வாரக் கடைசியில் வருவார். அந்த வாரம் வந்து விவரம் கேட்டு வருந்தினார்.

"வம்புக்குப் போகாத. அகதியா வந்த இடத்தில அடங்கி இருக்க வேணும்" என்றார்.

"நாங்க அடங்கித்தான் இருக்கிறம். ரத்தம் அடங்குதில்லையே" என்றேன். அதன்பிறகு அவர் என்னைத் தடுக்கவில்லை.

சாய்ந்து கிடந்த கீற்றுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தபோது கீற்று முடைகிறவர் தோப்பு வேலியருகே வந்தார். அன்று ஓலையைப் பார்க்காமல் என்னை நேராகப் பார்த்தே பேசினார்.

"பிரிச்சுப்போட்டானுகளா, பாழாப்போனவனுக. ஏனுங்க அம்மணி, இந்தக் கண்ணுக்குச் சீர் செஞ்சாச்சுங்களா?" என்று என் மகளைச் சுட்டிக் கேட்டார்.

"இல்லை. மண்டபத்தில எங்க செய்யிறது?"

"தண்ணியும் வாக்கலீங்களா? குச்சும் கட்டலீங்களா?"

"குச்சு எண்டால் என்ன?"

அவர் நின்றபடியே விளக்கினார். அந்தப் பக்கத்தில் பெண் பிள்ளை பெரியவளானால், தாய்மாமன் பச்சை ஓலை வெட்டிவந்து வீட்டுக்கு வெளியே ஒரு சிறு குடிசை கட்டுவார். அதைக் குச்சு என்பார்கள். தண்ணீர் வார்க்கும் நாள்வரை பிள்ளை அதற்குள் இருப்பாள். கட்டிய மாமன் சீரோடு வந்து தன் கையாலேயே அதைப் பிரிக்க வேண்டும். வேறெந்த ஆணும் அதைத் தொடுவதில்லை. தொட்டால் அவன் வீட்டுப் பெண் பிள்ளைகளுக்கு ஆகாது.

"வேற எந்த ஆம்பளையும் தொடமாட்டானா?" என்று மறுபடி கேட்டேன்.

"செத்தாலும் தொடமாட்டானுங்க."

நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். முதலில் சிரித்தவர் அவர்தான் என்று நினைக்கிறேன். பிறகு சட்டென்று சிரிப்பை நிறுத்தி, "மாமன் வேணுமுங்களே, கட்டறதுக்கு" என்றார்.

எனக்கு ஒரே தம்பி. நாங்கள் ஏறிய படகை இடுப்பளவு நீரில் நின்று தள்ளிவிட்டவன் அவன். அடுத்த படகில் வருவதாகச் சொன்னான். அதன்பிறகு அவனைப் பற்றி ஒரு செய்தியும் இல்லை.

"மாமன் இருக்கிறார். மன்னாரில. வந்து அவரே பிரிப்பார்" என்றேன். "கட்டுறதை நாங்க கட்டுறம்."

"பொம்பளைக கட்டற குச்சா? சாமி குத்தமாயிப் போகுமுங்க!"

"ஓலையை நீங்க தாங்கோ. குத்தத்தை நாங்க வைச்சுக்கொள்ளுறம்."

பச்சை ஓலை வந்தது. ஊர் வழக்கத்துக் குச்சு ஓர் ஆள் குந்தியிருக்கும் அளவுதானாம். நாங்கள் கட்டியது களத்தின் பாதியை அடைத்தது. முன்பக்கம் கொஞ்சம் கூரை வேய்ந்தோம். பின்பக்கம் ஆள் உயரத்துக்கு மேல் தட்டியை எழுப்பி, மேலே திறந்த வானமாக விட்டுவிட்டோம். கொடிக்கயிறுகள் எல்லாம் அந்தப் பின்பக்கத்தில். வாசலில் வேப்பிலை செருகி, குறுக்கே ஓர் உலக்கையையும் போட்டார் கீற்று முடைகிறவர்.

"குச்சா இது? கல்யாண மண்டபமாட்ட இருக்குது. பந்தி போடலாமுங்க" என்று அவரே கேலியும் செய்தார்.

என் மகளுக்கு இது அறவே பிடிக்கவில்லை. "எனக்கு வந்ததை ஊருக்கெல்லாம் சொல்லப் போறீங்களோ?" என்று அழுதாள்.

"உன்ர துணியைத் தடியில தூக்கிக் காட்டினவன் ஊருக்குச் சொல்லிப்போட்டான் பிள்ளை. இனி நாங்க சொல்லுறதுக்கு ஒண்டுமில்லை."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிறிது நேரம் களத்தைப் பார்த்தாள். "அப்ப இன்னும் உயரமாக் கட்டுங்கோ. பாதையில சைக்கிளில போறவனுக்கும் தெரியாத மாதிரி" என்றாள். அவள் சொன்னபடியே இன்னொரு வரிசைக் கீற்று ஏற்றினோம்.

அலுவலர் அதே கூலியாட்களோடு வந்தார். இருவரும் வாசல் உலக்கையைக் கண்டவுடன் நின்றுவிட்டார்கள்.

"அய்யோ, குச்சுங்க இது."

"குச்சாவது மண்ணாவது. பிரிங்கப்பா."

"நீங்க வேணாப் பிரிங்க சார். என்ற ஊட்லயும் பொட்டப்புள்ள இருக்குதுங்க."

குச்சியால் துணியைத் தூக்கியவன் இன்னும் இரண்டடி பின்வாங்கினான். "அந்தம்மாவப் பாத்தா நேரா ஆனைமலைக்குப் போயி மொளகா அரைச்சுப் பூசிப்போடுவாங்களாட்ட இருக்குது. நமக்கு எதுக்குங்க?" என்றான். அநீதி இழைக்கப்பட்ட பெண்கள் ஆனைமலை அம்மன் கோயிலில் மிளகாய் அரைத்துக் கல்லில் பூசி நியாயம் கேட்பது அங்கே வழக்கம். அந்த யோசனை அதுவரை எனக்கு உதிக்கவில்லை. எனினும் உதித்தவள் போலவே முகத்தை வைத்துக்கொண்டேன்.

அலுவலர் என் பக்கம் திரும்பினார். "செரிங்க. சீரு எப்பங்க?"

"தாய்மாமன் வந்தாப் பிறகு."

"மாமன் எங்கீங்க?"

"மன்னாரில."

"எப்ப வருவாருங்க?"

"சண்டை முடிஞ்சாப் பிறகு."

அவர் குடிசையைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார், கூலியாட்களைப் பார்த்தார். வணக்கம் வைக்க மறந்து போனார். அது ஒன்றே எனக்குப் போதுமானதாக இருந்தது.

குடிசை நின்றது. முகாமிலிருந்த பெண்கள் அனைவரும் அதைப் பயன்படுத்தினோம். வாளியில் நீர் கொண்டுபோய் உள்ளேயே கழுவி, உள்ளேயே வெயிலில் போட்டு, மொறுமொறுவென்று காய்ந்ததை எடுத்து மடித்து வைத்தோம். என் மகளின் புண் ஆறிற்று. அவள் பள்ளிக்கூடம் போனாள். அங்கே கேலிக்குக் குறைவில்லை.

"ஏ புள்ள, உன்ற மாமன் கப்பல்ல வாராரா, ஏரோப்ளேன்ல வாராரா?" என்று ஒருத்தி கேட்டிருக்கிறாள்.

"நீந்தி வாறார். உன்னைத் தூக்கிக்கொண்டு போகத்தான்" என்று இவள் சொன்னாளாம். அதற்குப் பிறகு அந்தப் பெண்ணும் இவளும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தார்கள்.

ஓலை காய்ந்து உதிர உதிரப் புது ஓலை மாற்றினோம். மழைக்காலம் ஒன்று கழிந்தது. மில்லை மறுபடி ஓட்டப்போவதாகப் பேச்சுக் கிளம்பியது. மில்காரர் களத்தைப் பார்த்துவிட்டு அலுவலரைக் கடிந்துகொண்டார் என்றும் கேள்விப்பட்டோம். அப்பொழுதுதான் அலுவலர் ஒரு பிழையைச் செய்தார்.

ஒரு நாள் முற்பகலில், தேநீர்க் கடைக்காரர், கூலியாட்கள், தோப்பில் தேங்காய் உரித்துக்கொண்டிருந்தவர்கள் என்று பலரையும் சாட்சிக்கு அழைத்துக்கொண்டு களத்துக்கு வந்தார். முகத்தில் நல்ல தெளிவு இருந்தது.

"அம்மணி, நானும் எங்க பெரியவங்களக் கேட்டுப்போட்டு வாரனுங்க. மாமன் இல்லாத புள்ளைக்கு மாமன் மொறைல இன்னொருத்தர் நிக்கலாமுங்க. எங்க சாங்கியத்துல அதுக்கு எடம் இருக்குது. ஆரும் வேண்டாம், நானே நிக்கறேன். மாமனா நின்னு நானே பிரிச்சுப்போடறேன். இனி ஒண்ணும் சொல்ல முடியாதுங்களே?"

சொல்ல முடியவில்லைதான். என் தம்பி நிற்க வேண்டிய இடம் அது. அந்த இடத்தில் வேறொருவரை நிறுத்த ஒப்புவது, அவன் இனி வரமாட்டான் என்று என் வாயாலேயே சொல்வதற்கு ஒப்பாகும். குடிசையைக் காக்க அவன் பெயரைச் சொன்னேன். இப்பொழுது அந்தப் பெயரை விட்டுக்கொடுக்க வேண்டியிருந்தது. வாசல் உலக்கையருகே நான் நின்றபோது, வேலிக்கு அப்பாலிருந்து கீற்று முடைகிறவரின் குரல் கேட்டது.

"ஏனுங்க சார், மாமன்னு ஒத்துக்கிட்டீங்களா?"

"ஒத்துக்கிட்டேன். இப்ப அதுக்கென்ன?"

"அல்லாரும் கேட்டுக்கங்க, ஒத்துக்கிட்டாராம்! அப்பச் சீரு எங்கீங்க? வெறுங்கைய வீசிட்டு வந்து குச்சப் பிரிக்கற மாமன எங்கீங்க பாத்திருக்கறீங்க?"

தேங்காய் உரித்துக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள். தேநீர்க் கடைக்காரர், இத்தனை நாளும் எங்களைப் பார்த்துச் சிரித்தவர், இப்பொழுது கட்சி மாறினார்.

"பட்டுச் சேலை, வெள்ளிக் கொலுசு, தட்டத்துல பழம், மேளம்... மேளத்தச் சொல்லிப்போட்டீங்களா சார்?"

"சும்மா இருய்யா" என்றார் அலுவலர். ஆனால் சொல் வெளியே வந்துவிட்டது. நாலு பேர் முன்னால் மாமன் என்று நின்றுவிட்டுச் சீர் செய்யாமல் போனவனின் பெயர் அந்தப் பக்கத்தில் எத்தனை தலைமுறைக்கு அடிபடும் என்பது அவருக்குத் தெரியும். அவர் குடும்பத்துக்கும் தெரியும். நான் ஓர் அடி முன்னே வந்தேன்.

"அண்ணை," என்று அவரை அழைத்தேன். இந்த ஊருக்கு வந்தபின் நான் எவரையும் அப்படி அழைத்ததில்லை. "சீரைக் கொண்டுவாங்கோ அண்ணை. அதுக்குப் பிறகு பிரியுங்கோ. நான் குறுக்க நிக்கமாட்டன்."

சில நாட்கள் கழித்து அவருடைய மனைவி வந்தார். காதிலும் மூக்கிலும் கல் பதித்த நகை. கையில் பித்தளைத் தட்டம். அதில் ஒரு புதுச் சேலையும் பழமும் பூவும்.

"என்ற ஊட்டுக்காரரு வாய விட்டுப்போட்டாருங்க" என்று தயக்கத்தோடு ஆரம்பித்தார். "நங்கையான்னு கூப்படறதா, என்னன்னு கூப்படறதுன்னே தெரியலீங்க. இத எடுத்துக்கங்க. முடிச்சுக்கலாம்."

கணவனின் உடன்பிறந்தவளை அங்கே நங்கையா என்பார்கள். அவர் அச்சொல்லைச் சொன்னதற்காக அவர்மேல் எனக்கு மதிப்பு உண்டாயிற்று. ஆயினும் தட்டத்தை நான் வாங்கவில்லை.

"துணி எங்களிட்ட இருக்குது அம்மா. அதைக் காயப்போடத்தான் இடமில்லை."

அவருக்கு விளங்கவில்லை. உலக்கையை எடுத்து வைத்துவிட்டு அவரைக் குடிசைக்குள் அழைத்துப் போனேன். பின்பக்கத்தில் கொடிகள் நிறையத் துணி. பகல் வெயில் அத்தனையும் அதன்மேல் விழுந்துகொண்டிருந்தது. அவர் கொடிகளுக்கு நடுவே நடந்தார். பிறகு கை நீட்டி ஒன்றைத் தொட்டுப் பார்த்தார். நான் எதிர்பார்த்தது முகச்சுளிப்பு. அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"எங்க ஊட்ல மாட்டுக்கொட்டாயிக்குப் பின்னாலதானுங்க. அதும் சாக்குக்கு அடியில. என்ற பொண்ணும் அப்பிடித்தான்."

நான் காய்ந்த துணிகளை எடுத்து மடித்தேன். அவர் மறுபடி கேட்டார்.

"அப்ப உங்களுக்கு என்னதாங்க வேணும்?"

"சுவர் வேணும். ஆள் உயரத்துக்கு மேல. கதவு வேணும். கூரை வேண்டாம்."

"கூரை வேண்டாமுங்களா?"

"வெயில் வரவேணுமே."

அவர் தட்டத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டார். வீட்டில் என்ன பேசினார், மில்காரரை யார் எப்படிச் சமாதானப்படுத்தினார்கள் என்பதெல்லாம் எனக்குத் தெரியாது. தெரியாததை எழுத மாட்டேன். அறுவடை முடிந்த சமயத்தில் ஒரு டிராக்டரில் பழைய செங்கற்கள் வந்து இறங்கின. இடித்த கொட்டகையின் கற்களாக இருக்க வேண்டும், ஒரு பக்கம் சுண்ணாம்பு ஒட்டியிருந்தது. கொத்தனார் ஒருவர் வந்தார். எங்கள் பெண்கள் மண் சுமந்தோம், தண்ணீர் சுமந்தோம். களத்தின் மூலையில் நாலு சுவர் எழும்பிற்று. தரையைச் சரிவாகப் பூசி, நீர் தோப்புப் பக்கம் போக ஒரு வழியும் விட்டார்கள். தகரக் கதவு மாட்டினார்கள். எல்லோரும் எங்களை நன்றி சொல்லச் சொன்னார்கள். கொத்தனாருக்குச் சொன்னேன். மாமன் சீர் செய்தால் அதற்கு நன்றி சொல்லும் வழக்கம் அந்த ஊரில் இல்லை என்று கீற்று முடைகிறவர் எனக்குக் கற்பித்திருந்தார்.

சுவர் முடிந்த மறுநாள் அலுவலர் வந்தார். வாக்குக் கொடுத்தபடி நான் விலகி நின்றேன். அவர் செருப்பைக் கழற்றிவிட்டு, முதல் கீற்றைத் தன் கையால் உருவினார். அந்த நேரத்தில் நான் அவரைப் பார்க்கவில்லை. இடுப்பளவு நீரில் நின்ற ஒருவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பெண்கள் மீதிக் கீற்றுகளைப் பிரித்து அடுக்கினார்கள்.

எல்லாம் முடிந்தது என்று எண்ணியபோது அவர் பையிலிருந்து ஒரு பூட்டை எடுத்தார்.

"ஒண்ணு மட்டும் சொல்லிப்போடறனுங்க. கதவுக்கு வெளிய பூட்டுப் போட்டுக்கலாம். சாவி எங்கிட்ட இருக்கட்டும். காத்தால ஆள் வந்து தெறந்துபோடுவான், பொழுதோட பூட்டிக்குவான். கண்டதுக்கும் பொழங்கக்கூடாது பாருங்க. எல்லாம் உங்க பாதுகாப்புக்குத்தானுங்க."

நான் வாய் திறக்குமுன் என் மகள் முன்னால் வந்தாள். அன்று அவளுக்குத் துடக்கு நாள். கையில் வாளி இருந்தது. அதற்குள் துணி இருப்பது எல்லோருக்கும் தெரிந்தது. அதை அவள் மறைக்கவில்லை.

"மாமா," என்றாள் அவரை. அந்த ஒரு சொல்லுக்கே அவர் திடுக்கிட்டுத் திரும்பினார். "மாட்டுக்கொட்டிலுக்குத்தான் வெளியில பூட்டு. இதுக்குக் கொண்டி உள்ளுக்கு இருக்குது. அது போதும்."

"இல்ல கண்ணு, நான் என்ன சொல்ல வாரேன்னா..."

அவள் நின்று கேட்கவில்லை. அவரைச் சுற்றிக்கொண்டு நடந்து, உள்ளே போய், தகரக் கதவைச் சாத்தினாள். கொண்டி விழுந்த ஓசை எங்கள் எல்லோருக்கும் கேட்டது. பிறகு வாளியில் தண்ணீர் அலம்பும் ஓசை.

அவர் பூட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். நிழல் தேடிக் குடோன் சுவரோரம் போனார், திரும்பி வந்தார். கடிகாரத்தைப் பார்த்தார். தேநீர்க் கடையிலிருந்து இருவர் எழுந்து வந்து வேடிக்கை பார்த்தார்கள்.

"ஏனுங்க அம்மணி, புள்ள எப்பங்க வெளிய வரும்?"

"துணி காய்ஞ்சாப் பிறகு வருவாள் அண்ணை," என்றேன்.

ஆனைமலைப் பக்கம் மேகம் திரண்டிருந்தது. அவருக்கு வேறெங்கோ அவசர வேலை இருந்திருக்கக்கூடும். அதற்கு நாங்கள் பொறுப்பல்ல.